கோவளம் வந்தால் எரியும் கால்

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாகக் கியர் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு அதிகாலை திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவேன். சுமார் 90 கிலோமீட்டர். திரும்பும் வழியில் கோவளத்தை நெருங்கும்போது வலது உள்ளங்காலின் முன்பகுதி தீயாய் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இறங்கி ஷூவைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஏறி மிதித்தால் மறுபடியும் அதே கதை. 200 கிலோமீட்டர் பிரெவே பயணத்துக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். இப்போது போடுவது ஓட்டப் பயிற்சிக்கு வாங்கிய ஷூ. விலை உயர்ந்த க்ளீட் ஷூ (அடியில் பெடலோடு மாட்டிக்கொள்ளும் க்ளீட் என்ற கொக்கி உள்ள சைக்கிள் ஷூ) வாங்கினால் தீரும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கட்டுமா?

- வாசகர், சென்னை

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதே பணத்தைக் கொட்ட வேண்டாம். ஷூவைக் கழற்றியதும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. எலும்பிலோ தசைநாரிலோ காயம் என்றால் இவ்வளவு சீக்கிரம் அடங்குவது அரிது. உங்கள் பாதம் கேட்பது இடம்.

விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் இடுக்கில்தான் விரல்களுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. வெயிலும் நேரமும் ஏற ஏறப் பாதம் வீங்கும். ஆனால் அதிகாலையில் இழுத்துக் கட்டிய லேஸ் அப்படியே இருக்கும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை, அதுவும் ஒரே இடத்தில் அழுத்தம். இறுகிய ஷூவுக்குள் அந்த எலும்புகள் ஒன்றையொன்று நெருக்க, நடுவில் மாட்டிய நரம்பு எரிச்சலாகக் கத்துகிறது.

இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிகிறதா? அப்படியென்றால் ஷூ அகலம் போதவில்லை. தகட்டின் முன்பகுதியில் கறுத்துக் குழிந்த வட்டம் ஒன்று தெரிந்தால், பாரம் முழுவதும் இறங்குவது அங்கேதான். இடது காலையும் வைத்துப் பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. வலதில் மட்டும் எரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து லேஸ். விரல் பக்கம் இருக்கும் முதல் இரண்டு துளைகளில் நன்றாகத் தளர்த்திவிட்டு, கணுக்கால் பக்கம் மட்டும் பிடிப்பாகக் கட்டுங்கள். தடித்த சாக்ஸ் வேண்டாம், இருக்கிற இடத்தையும் அது தின்றுவிடும்.

பிறகு, பெடலில் பாதம் உட்காரும் இடம். விரல் நுனியால் மிதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பெடலின் அச்சு, பெருவிரலின் அடியில் உள்ளங்காலில் இருக்கும் மேட்டுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி பாதத்தை முன்னே தள்ளுங்கள். சீட் அதிக உயரமாக இருந்தாலும் கால் எட்டாமல் விரல்நுனிக்குப் போய்விடும். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது அதில் குதிகாலை வைத்துப் பாருங்கள். முழங்கால் நேராக வந்தால் உயரம் ஏறக்குறையச் சரி. கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டு, இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். எதிர்க்காற்றில் ரோஷத்தோடு கனத்த கியரைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் பாதத்துக்கு நாம் செய்யும் பெரிய கொடுமை. நானும் செய்திருக்கிறேன். முதல்முறை புதுச்சேரிக்கு ஓட்டியபோது மரக்காணம் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் ஷூவைக் கழற்றிவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு ஒன்றாக மாற்றினால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டப் பயிற்சி ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம் பெடலைச் சுற்றி வளைந்துகொடுக்கும்; அழுத்தம் ஒரே புள்ளியில் குவியும். விறைப்பான அடிப்பாகம் அதைப் பரவலாக்கும். ஆனால் குறுகலான க்ளீட் ஷூ வாங்கினால் இப்போதைய வலி இரட்டிப்பாகும். வாங்குவதானால் கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பெரிய பாதத்துக்கு அளவு பார்த்து, முன்பகுதி அகலமானதாக வாங்குங்கள். க்ளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாகத் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும், மறுநாளும் மரமரப்பு நீடித்தால், அல்லது நடக்கும்போது மூன்றாவது, நான்காவது விரல்களுக்குக் கீழே கூழாங்கல் அகப்பட்டது போல உறுத்தினால், எலும்பு மருத்துவரைப் பாருங்கள், நரம்பு தடித்திருக்கலாம். சமீபத்தில் சர்க்கரை அளவு பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். கால் மரத்துப்போவதைப் பயணக் களைப்பு என்று நினைத்துச் சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

பிரெவேயில் 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள். ஷூவைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொள்ள அதில் தாராளமாக இடமுண்டு. வரும் ஞாயிறு மாமல்லபுரத்தில் சைக்கிளைத் திருப்பும் முன், வலி இல்லாவிட்டாலும் இறங்கி லேஸைத் தளர்த்தி, விரல்களை நீட்டி மடக்குங்கள். கோவளத்தில் கால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.