செட்டிங்ஸை லிஸ்டில் வைப்பதா, டிக்‌ஷனரியிலா, கிளாஸிலா?

பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றில் ஐந்தாறு சர்வர்களின் செட்டிங்ஸை வைக்க வேண்டும், டிக்‌ஷனரிகளை ஒரு லிஸ்டில் அடுக்குவதா, டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியா, கிளாஸா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியே வைப்பேன். டிக்‌ஷனரி என்பது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பெயரால் (அதுதான் கீ) எடுக்கும் அமைப்பு. இங்கே சர்வரின் பெயர்தான் வெளி கீ, அதன் செட்டிங்ஸ் உள் டிக்‌ஷனரி. லிஸ்டில் வைத்தால் 'மூன்றாவது சர்வர்' என்று எண்ணால்தான் பிடிக்க முடியும். மேலே யாராவது புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மூன்றாவது நான்காவதாகிவிடும். வரிசை முக்கியம் என்பதற்காக லிஸ்ட் தேவைப்பட்ட காலமும் போய்விட்டது: பைத்தான் 3.7 முதல் டிக்‌ஷனரி, சேர்த்த வரிசையை அப்படியே காக்கும்.

ஆனால் எந்த வடிவம் என்பதை விட, எதன் மேல் எது எழுதப்படும் என்பதை முதலில் யோசியுங்கள். செட்டிங்ஸ் ஒரே இடத்திலிருந்து வருவது அபூர்வம். ஸ்கிரிப்டுக்குள் டீஃபால்ட் இருக்கும், அதன் மேல் பயனரின் ஃபைல் வரும், அதற்கும் மேல் கட்டளை வரியில் தருவது. நான் அடிபட்டது இங்கேதான். டீஃபால்ட்டில் ஒவ்வொரு சர்வருக்கும் டைம்அவுட், எத்தனை முறை மறுபடி முயல்வது என்று இரண்டு கீ வைத்திருந்தேன். பயனர் ஃபைலில் டைம்அவுட்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதை டீஃபால்ட்டின் மேல் எழுத, டிக்‌ஷனரியின் அப்டேட் மெத்தடை ஒரு தடவை கூப்பிட்டேன். அது உள் டிக்‌ஷனரியைக் கலக்கவில்லை, முழுதாகத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தது. மறுமுயற்சி கீயே காணாமல் போய், ராத்திரி ஓடிய ஸ்கிரிப்ட் கீஎரரில் (கீ இல்லை என்ற பிழையில்) நின்றது. பல டிக்‌ஷனரிகளை ஒன்றுபோலக் காட்டும் செயின்மேப்பும் இதற்கு உதவாது, அதுவும் மேல் அடுக்கை மட்டும்தான் பார்க்கும். உள்ளே இறங்கி இறங்கிக் கலக்கும் பத்து வரி ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியாக அடுக்கு கூடக் கூட இந்தத் தலைவலியும் கூடும் என்பதால், இரண்டைத் தாண்டி மூன்றாவது அடுக்குக்குப் போகவே நான் தயங்குவேன்.

இதன் தம்பி இன்னொன்று: காப்பி மெத்தட். வெளி டிக்‌ஷனரி மட்டும்தான் புதிதாக வரும், உள்ளே இருப்பவை பழையவையே. ஒரு காப்பியில் ஒரு சர்வருக்கு மாற்றியது மூலத்திலும் மாறி நிற்கும். உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி எடுங்கள்.

டீஃபால்ட்டிக்ட் பக்கம் போகாதீர்கள். கீயைத் தப்பாக எழுதிப் படித்தால், சத்தமில்லாமல் காலியான ஒன்றை உருவாக்கித் தந்துவிடும். பெர்ல் மொழி தெரிந்தவர்களுக்கு இது பழைய பகை: உள் கீ இருக்கிறதா என்று பார்த்தாலே வெளி கீ முளைத்துவிடும்.

சரி, கிளாஸ்? எல்லாவற்றையும் கலந்து முடித்த பிறகு, கடைசியில் ஒரு டேட்டாகிளாஸில் (எந்தெந்தக் கீ இருக்கலாம் என்று முன்பே அறிவிக்கும் எளிய கிளாஸில்) ஊற்றலாம். தப்பான கீ வந்தால் அங்கேயே டைப்எரர் காட்டும். உள் டிக்‌ஷனரியை அது தானாக கிளாஸாக்காது, அதை நாம்தான் செய்ய வேண்டும்.

செட்டிங்ஸ் ஃபைலுக்கு டாம்ல் (TOML) வடிவம் போதும். 3.11 முதல் பைத்தானுடனேயே வரும் டாம்ல்லிப் (tomllib) லைப்ரரி அதைப் படிக்க மட்டும் செய்யும். ஸ்கிரிப்டே ஃபைலைத் திருத்தி எழுத வேண்டும் என்றால் ஜேசன் (JSON) வடிவத்துக்குப் போங்கள். அதில் கமென்ட் போட முடியாது, அவ்வளவுதான்.