திடல் பேச்சு: வாசகர் கேள்வி

கேள்வி: எங்கள் தோட்டக் காற்பந்துக் குழுவில் கோல் அடிப்பவரே ஒருவர்தான். பயிற்சிக்கு வராமல் தகராறு செய்தார் என்று அவரைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிகிறது. வேறு எங்காவது இப்படி நடந்திருக்கிறதா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அமெரிக்க பேஸ்பாலில் நடந்திருக்கிறது, தம்பி. போஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 86 ஆண்டுகளுக்குப் பின் 2004இல் பட்டம் கிடைத்தபோது, உலகத் தொடர் எனும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் மேனி ராமிரெஸ். அதே மனிதர் 2008 ஜூனில் டிக்கெட் தகராறில் அணியின் முதிய அலுவலரைப் பிடித்துத் தள்ளினார். ஜூலை 31இல் அவரை லாஸ் ஏஞ்சலஸ் டோட்ஜர்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். ரசிகர்களில் சிலர் "விட்டது தொல்லை" என்றார்கள், சிலருக்குத் தாங்கவில்லை. அங்கே போய் 53 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போலப் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்தால் எப்படித் தாங்கும்!

ஆனாலும் போஸ்டன் செய்தது சரி என்பேன். பெரியவர்மீது கை வைத்ததை என்னால் பொறுக்க முடியாது. எங்கள் தோட்டத்திலும் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, கை கால் கழுவக்கூட நேரமில்லாமல் மாலை ஐந்தரைக்குத் திடலுக்கு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பயிற்சிக்கு வராதவருக்காக அவர்களில் ஒருவரை வெளியே உட்கார வைப்பது அநியாயம். அந்த இடத்தில் இனி ஆடப்போகும் பையனுக்குக் கைதட்டுங்கள். போஸ்டனிலும் மேனிக்குப் பதிலாக வந்த ஜேசன் பே நன்றாகவே ஆடினார்.