வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் பாறை மாறுமா? நிலவியல் வரைபடத் தரவு: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறேன். பாறை பார்ப்பதும், பார்த்ததைக் கணினியில் ஏற்றுவதும்தான் பிழைப்பு. போன மாதம் நம் வட்டார நிலவியல் வரைபடத்தை ஜிஐஎஸ் (கணினி வரைபட) கோப்பாக நாலு பேருக்குக் கொடுத்தேன். அந்த நாலு பேர் நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எருத்தேம்பதி, கல்லூரி மாணவி: சார், தோழி வாட்ஸ்அப்பில் இரண்டு ஃபைல் அனுப்பினாள். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்தால் உருவங்கள் மட்டும் வருகின்றன. எது என்ன பாறை என்று ஒன்றுமே இல்லை. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை அம்மா, பாதிதான் வந்திருக்கிறது. ஷேப்ஃபைல் என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது ஒரு குடும்பம். எஸ்ஹெச்பி-யில் உருவம், எஸ்ஹெச்எக்ஸ்-இல் அதன் வரிசைக் குறிப்பு, டிபிஎஃப்-இல் பாறைப் பெயர் முதலான அட்டவணை, பிஆர்ஜே-யில் எந்த ஆயமுறை (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) என்ற தகவல், சிபிஜி-யில் எழுத்துக் குறியாக்கம். உனக்கு முதல் இரண்டு மட்டும் வந்திருக்கின்றன. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையும் தோழனும் மட்டும் வந்து இறங்கிய கதைதான். எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பச் சொல்.

அதைவிட ஜியோபேக்கேஜ் நல்லது. 2014-இல் வந்த திறந்த தரம் அது. எத்தனை லேயர் (தரவு அடுக்கு) இருந்தாலும் ஒரே ஃபைல்தான், பாதி தொலைய வழியில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஷேப்ஃபைலின் அட்டவணையில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் தின்னும். ‘கல்’ என்றால் க, ல, புள்ளி என்று மூன்று குறி, ஒன்பது பைட், கொள்ளும். ‘பாறை’ என்றால் பன்னிரண்டு, கொள்ளாது! பாறை வரைபடத்தில் பாறை என்று தலைப்பு வைக்க முடியாத ஒரு வடிவத்தை இன்னும் எத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுவது?

ஆந்திரச் சித்தூர், கிரானைட் வியாபாரி: எங்கள் ஊர்த் தரவைப் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் மச்சானிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார். இப்போது என் குவாரி கடலுக்குள் இருக்கிறது.

மங்களூருக்கு மேற்கே, அரபிக் கடலில்தானே? பார்க்காமலே சொல்கிறேன். யுடிஎம் ஆயமுறை பூமியை ஆறு டிகிரிக்கு ஒரு பட்டையாக வெட்டுகிறது, ஒவ்வொரு பட்டையிலும் அதே எண்கள் திரும்ப வரும். 72 முதல் 78 டிகிரி கிழக்கு வரை 43-ஆம் பட்டை, 78 முதல் 84 வரை 44. அந்த 78 டிகிரிக் கோடு திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. பாலக்காட்டுச் சித்தூர் 43-இல், உங்கள் சித்தூர் 44-இல். மச்சான் தன் ஊர் வழக்கப்படி 43 என்று குறித்துவிட்டார். ஆறு டிகிரி மேற்கே தள்ளினால் குவாரி 650 கிலோமீட்டர் போய்விடும். அவர் தன் ஊர்த் தரவுக்கு 44 போட்டிருந்தால் அது நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் மிதந்திருக்கும்.

இதில் அடிப்படைக் குழப்பம் ஒன்று இருக்கிறது. லேயரின் ஆயமுறையை ‘குறிப்பது’ வேறு, ‘மாற்றுவது’ வேறு. குறிப்பது மூட்டையின் மேல் சீட்டு ஒட்டுவது மாதிரி. நெல் மூட்டையில் அரிசி என்று சீட்டு ஒட்டினால் உள்ளே இருப்பது அரிசியாகிவிடாது. ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்தால்தான் அரிசி. மென்பொருளில் அந்த ஆலைக்கு ரீப்ரொஜெக்ட் என்று பெயர். உங்கள் ஃபைலுக்கு ஈபிஎஸ்ஜி (ஆயமுறைகளின் எண் பட்டியல்) 32644, அதாவது 44-ஆம் பட்டை, என்று சீட்டை மறுபடி சரியாக ஒட்டுங்கள், குவாரி கரையேறிவிடும். இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதானால் பட்டைப் பிரச்சினையே இல்லாத 4326-இல், அதாவது வெறும் அட்சரேகை தீர்க்கரேகையில், கொடுத்துவிடுவது நல்லது. பரப்பு, தூரம் அளப்பவர்கள் தங்கள் பட்டைக்கு மாற்றிக்கொள்வார்கள்.

கோவை, பொறியாளர்: பழைய டோப்போ ஷீட்டின் மேல் வரைந்த நிலவியல் வரைபடத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். ஓடைகள் எல்லாம் செயற்கைக்கோள் படத்திலிருந்து ஒரே பக்கமாக விலகி நிற்கின்றன. என் கை நடுக்கமா?

கை நடுங்கினால் தாறுமாறாக விலகும். ஒரே பக்கமாக விலகினால் டேட்டம் பிரச்சினை, அதாவது பூமிக்கு எந்த வடிவத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தின் மேல் போட்டவை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் தாள்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இல் இருக்கின்றன. நம் பக்கத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 200 மீட்டர் வாக்கில் வரும்.

பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது, நானும் விழுந்தேன். மென்பொருளின் பட்டியலில் ‘இந்தியன் 1975’ என்று ஒரு பெயரைப் பார்த்தேன். இந்தியா என்று இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்தேன். அது தாய்லாந்துக்கானது! நமக்கு வேண்டியது ‘கல்யாண்பூர் 1975’, ஈபிஎஸ்ஜி 4146. தாளின் மூலைகளில் அச்சடித்த அட்சரேகை தீர்க்கரேகையை அந்த முறையில் கொடுத்துப் பொருத்துங்கள், பிறகு டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒரு கோயில் குளத்தையோ அணைக்கட்டையோ வைத்துச் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, தென்னந்தோப்புக்காரர்: தம்பி, நமக்கு 40 சென்ட் இருக்குது. மூணு போர் போட்டும் புகைதான் வந்துச்சு. உங்க வரைபடத்துல பெருசாக்கிப் பார்த்தா நம்ம தோட்டத்துலயே ஒரு கோடு போகுது. அந்தக் கோட்டு மேல நாலாவது போர் போடட்டுமா?

அண்ணா, போட்டுவிடாதீர்கள், கொஞ்சம் கேளுங்கள். அந்த வரைபடம் 1:50,000 அளவு. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். உங்கள் 40 சென்ட் ஏறக்குறைய நாற்பதுக்கு நாற்பது மீட்டர். தாளில் அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ராகி மணி அளவு. அரை மில்லிமீட்டர் பேனாவால் போட்ட கோட்டின் தடிமனே தரையில் 25 மீட்டர். உங்கள் தோட்டத்தில் பாதியைக் கோடே விழுங்கிவிடும். கோடு போட்டவர் உங்கள் வரப்பில் நின்று போட்டிருக்கவும் மாட்டார். மேலே ஒரு கிணற்றிலும் கீழே ஓடைக்கரையிலும் பாறையைப் பார்த்து, நடுவில் இப்படித்தான் போகும் என்று இழுத்திருப்பார்.

காகிதத்தில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. பூதக்கண்ணாடி வைத்தால் மை பரவியிருப்பது தெரியும், அதற்கு மேல் நம்ப மாட்டோம். கணினியில் எத்தனை பெருசாக்கினாலும் கோடு கத்தி முனை மாதிரியே நிற்கிறது. அதனால் நம்பிவிடுகிறோம். தரவு கொடுக்கிறவர்கள்தான் இதைத் தடுக்க வேண்டும். நான் இப்போது கொடுக்கும் ஃபைலில் 1:25,000-க்கு மேல் பெருசாக்கினால் லேயர் மறைந்துபோகும்படி வைத்திருக்கிறேன். இது அந்த ஃபைலில் சேர்த்த அமைப்புதான், வேண்டும் என்றால் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்கிறவருக்கு ஏன் என்ற கேள்வியாவது வரும்.

நம் பக்கம் கடினப்பாறை. பாறையின் விரிசலில்தான் தண்ணீர். வரைபடம் எந்தத் திசையில் விரிசல் ஓடுகிறது என்று காட்டும், எந்தத் தென்னைக்கு அடியில் என்று காட்டாது. நாலாவது போருக்கு முன், தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடைச் சோதனை செய்து பாருங்கள்.

வேலந்தாவளம், ஆய்வு மாணவர்: கேரளப் பக்க வரைபடத்தையும் தமிழ்நாட்டுப் பக்க வரைபடத்தையும் ஒட்டினேன். சரியாக மாநில எல்லையில் பாறை மாறுகிறது. அங்கே பிளவு ஏதாவது இருக்கிறதா?

தம்பி, செக்போஸ்ட்டில் லாரி நிற்கும், பாறை நிற்காது.

எனக்கும் இதே நடந்தது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குழுக்கள் போட்ட இரண்டு பழைய மாவட்ட வரைபடங்களை ஒட்டினேன். மேற்கே ‘ஹார்ன்பிளெண்ட் பயோடைட் நைஸ்’ (கறுப்புக் கனிமங்கள் கலந்த வரிப்பாறை), கிழக்கே ‘மிக்மடைட்’ (பாதி உருகிக் கலந்த பாறை), நடுவில் நூல் பிடித்த மாதிரி எல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டிய இடம், அந்தப் பக்கம் ஒரு கிணற்று மேடு. இரண்டிலும் அதே சாம்பல் நிறக் கல், அதே வெள்ளை வரி, வரிக்கு நடுவே விரல் தடிமனில் வெங்கச்சாங்கல் நரம்பு. ஒருவர் கறுப்புக் கனிமத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார், இன்னொருவர் உருகிக் கலந்த வரிகளைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. எல்லை கொச்சி சமஸ்தானத்துப் பழைய எல்லை. பாறைக்கு வயது ஐம்பது கோடி ஆண்டுக்குக் குறையாது.

இதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. பலர் ஒரு பக்கத்துப் பெயரை அழித்து மறுபக்கத்துப் பெயரை நிரப்பி, கோட்டைக் கரைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யார் என்ன சொன்னார் என்ற சாட்சி போய்விடும். நான் மூலப் பெயரை ஒரு பத்தியில் அப்படியே விடுவேன். என் பொதுப் பெயரை அடுத்த பத்தியில் போடுவேன். எந்த வரைபடத்திலிருந்து வந்தது என்பது மூன்றாவது. எல்லைக் கோட்டுக்கு ‘பாறைத் தொடர்பு’ என்று வகை கொடுக்காமல் ‘வரைபட எல்லை’ என்று கொடுப்பேன்.

அதே மாணவர்: கோட்டுக்கு வகையெல்லாம் எந்த முறையில் கொடுப்பது? நாமே உண்டாக்கிக்கொள்ளலாமா?

உண்டாக்கலாம், ஆனால் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை 2020-இல் ஜெம்ஸ் என்ற அமைப்பை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கோட்டோடும் மூன்று சந்தேகத்தை எழுதச் சொல்வது. இந்தக் கோடு உண்மையில் இருக்கிறதா? நாம் சொல்லும் வகைதானா? இருக்கும் இடம் எத்தனை மீட்டருக்குள் சரி?

காகித வரைபடத்தில் நன்றாகத் தெரிந்த தொடர்பு முழுக்கோடு, உத்தேசமானது விட்டுவிட்டு வரும் கோடு, மண்ணுக்கடியில் மறைந்தது புள்ளிக்கோடு. கணினியில் ஏற்றும்போது மூன்றையும் ஒரே மாதிரி இழுத்துவிட்டால், களத்தில் போனவர் நேர்மையாகச் சொன்ன ‘தெரியவில்லை’ எல்லாம் ‘தெரியும்’ ஆகிவிடுகிறது. நிலவியல் தரவைப் பகிர்வதில் இதைவிடப் பெரிய தப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. முழு ஜெம்ஸ் வேண்டாம் என்றால் விடுங்கள், அந்த மூன்று பத்தியை மட்டுமாவது வையுங்கள்.

மீனாட்சிபுரம்: மூலத் தரவு எங்கே கிடைக்கும்? பகிர்ந்தால் கேஸ் வருமா?

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கலாம், 1:50,000 நிலவியல் இலவசம். கொழிஞ்சாம்பாறைக்குத் தாள் எண் 58 பி/14. வாளையார் அதற்கு மேலே 13-இல். 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியத்தையும் பாருங்கள்.

2021 பிப்ரவரி வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடத் தரவு தயாரிக்க, பகிர முன்அனுமதி வேண்டியதில்லை. பாதுகாப்பு தொடர்பான சில இடங்களை அடையாளம் காட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் அதன் நிபந்தனை இருக்கும், இறக்கும்போது படியுங்கள். மூலம், தாள் எண், அளவு, இறக்கிய தேதி, நீங்கள் செய்த மாற்றம் இவற்றை ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுதிக் கூடவே வையுங்கள். நான் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்கிறேன்.

நல்லேப்பிள்ளி: நான் கஷ்டப்பட்டுக் கொடுத்த நிறங்கள் அடுத்தவர் திறந்தால் போய்விடுகின்றன.

நிறம் தரவுக்குள் இருப்பதில்லை, தனி ஸ்டைல் கோப்பில் இருக்கிறது. க்யூஜிஐஎஸ்-இல் அதை ஜியோபேக்கேஜுக்கு உள்ளேயே சேமிக்கலாம். வேறு மென்பொருள்காரர்களுக்கு எஸ்எல்டி என்ற பொது ஸ்டைல் வடிவத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். அதுவும் போனால் போகட்டும் என்று விளக்கப் பட்டியலைப் பிடிஎஃப்-ஆக வைத்துவிடுங்கள்.

வண்ணாமடை: செல்போனில் பார்க்க?

கேஎம்இசட் ஆக்கி கூகுள் எர்த்தில் போடுங்கள். பார்க்க மட்டும் போதும் என்றால் சரி. களத்தில் குறிப்பு எடுக்க க்யூஃபீல்ட் செயலி.

கோழிப்பதி, பள்ளி ஆசிரியை: எங்கள் பள்ளிக் கிணற்றில் மேலே கரிமண், அப்புறம் ஒரு ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கட்டி கலந்த மண், அதற்குக் கீழேதான் பாறை. உங்கள் வரைபடத்தில் நேராக நைஸ் என்று இருக்கிறதே. பிள்ளைகள் எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் டீச்சர். இந்த மாதிரி வரைபடம் பெரும்பாலும் மேல்மண்ணை உரித்துவிட்டு அடிப்பாறையைத்தான் காட்டும். மேல்மூடி மிகத் தடிமனாக, பரந்து இருந்தால் மட்டும் தனியாக வரும். மேற்கே போனால் வெட்டுக்கல் அப்படி வரும். மலப்புறம் அங்காடிப்புறத்தில் பார்த்துத்தான் பிரான்சிஸ் புக்கனன் 1807-இல் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார்.

உங்கள் பிள்ளைகள் சொல்வது என் தரவில் இல்லாத தகவல். கிணற்றில் எத்தனை அடிக்கு எது என்று அளந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். புள்ளி லேயர் ஒன்று தொடங்கலாம். வியாழக்கிழமை மத்தியானம் வருகிறேன். டேப்பும் சுத்தியலும் என்னிடம் இருக்கின்றன, நல்ல நீளமான கயிறு மட்டும் வேண்டும்.