கேள்வி பதில்: தவணை முறையில் உருகும் பொருள்

கேள்வி: பனிக்கட்டி 0 டிகிரியில் உருகித் தண்ணீராகிவிடுகிறது. திரவப் படிகங்களைப் பற்றிய பாடத்திலோ ஒரே பொருளுக்கு மூன்று வெப்பநிலைகளைக் குறிப்பிட்டு, மூன்றிலும் நிலைமாற்றம் நிகழ்வதாகச் சொல்கிறார்கள். ஒரு பொருள் எப்படி மூன்று முறை உருக முடியும்? (இளநிலை இயற்பியல் மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஏறத்தாழ இதே ஐயம் 1888-இல் பிராக் நகரில் பணியாற்றிய ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரெடரிக் ரைனிட்சருக்கும் எழுந்தது. அவர் ஆராய்ந்த கொலஸ்டெரைல் பென்சோயேட் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று, 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் மறைந்து தெளிந்தது. மாதிரியில் மாசு கலந்திருக்குமோ என்ற ஐயத்துக்கு இடமில்லாதபடி தூய்மைப்படுத்திய பிறகும் அதுவே நடந்ததால், அதை அவர் இயற்பியலாளர் ஓட்டோ லேமானுக்கு அனுப்பினார். சூடேற்றும் மேடை பொருத்திய நுண்ணோக்கி லேமானிடம் இருந்தது. திரவப் படிகம் என்ற கருத்து அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் பிறந்தது.

உருகுதல் என்பதை ஒரே நிகழ்ச்சியாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது. படிகத்தில் மூலக்கூறுகளுக்கு இரண்டு வகை ஒழுங்குகள் உண்டு: எந்த இடத்தில் இருப்பது என்பது ஒன்று, எந்தத் திசையை நோக்கியிருப்பது என்பது மற்றொன்று. பனிக்கட்டியில் இரண்டும் ஒருசேரக் கலைகின்றன. நீண்ட குச்சி போன்ற மூலக்கூறுகளைக் கொண்ட பல பொருள்களில் அவை தவணை முறையில் கலைகின்றன. அடுக்குத் திரவப் படிகமான ஸ்மெக்டிக் நிலையில் திசை ஒழுங்கு முழுமையாகவும், இட ஒழுங்கு ஒரே ஒரு பரிமாணத்தில் மட்டும், அதாவது அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் மட்டும், எஞ்சியிருக்கிறது. நெமாட்டிக் நிலையில் இட ஒழுங்கு அறவே போய்த் திசை மட்டும் மிஞ்சுகிறது. அதற்கும் மேலே சூடேற்றினால் திசையும் போய்ச் சாதாரணத் திரவம் கிடைக்கிறது.

ஆய்வகங்களில் மிகுதியாகப் புழங்கும் 8சிபி என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். ஆக்டைல் சயனோபைஃபீனைல் என்பது அதன் முழுப்பெயர். 21.5 டிகிரியில் படிகம் ஸ்மெக்டிக் ஏ (மூலக்கூறுகள் சாயாமல் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கும் வகை) நிலைக்கும், 33.5 டிகிரியில் அது நெமாட்டிக்குக்கும், 40.5 டிகிரியில் நெமாட்டிக் தெளிந்த திரவத்துக்கும் மாறுகின்றன. ஒரு துளியைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த இரு தளவிளைவாக்கிகளுக்கு (ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் மட்டும் அனுமதிக்கும் தாள்களுக்கு) நடுவில் 45 டிகிரியிலிருந்து மெல்லக் குளிர்வித்தால், முதலில் நுண்ணோக்கியின் பார்வைப் புலம் முழு இருட்டாக இருக்கும். 40.5-ஐ நெருங்கியதும் இருட்டில் ஒளிப்பொட்டுகள் தோன்றிப் பெருகி ஒன்றோடொன்று கலக்கும். அந்த நெமாட்டிக் ஒரு நொடியும் ஓய்ந்திராது. மூலக்கூறுகளின் திசை ஓயாமல் அலைபாய்வதால் புலமெங்கும் மினுமினுப்பு இருந்துகொண்டே இருக்கும். 33.5-ஐத் தாண்டிய கணத்தில் அந்த மினுமினுப்பு யாரோ அணைத்ததுபோல் நின்று, விசிறி விசிறியாகக் கோலங்கள் படரும். அப்போது மேல்தகட்டை ஊசிமுனையால் தள்ளிப் பார்க்க வேண்டும். சற்றுமுன் எண்ணெய்போல் வழுக்கியது இப்போது வாசலின்போல் தயங்கும்.

அந்த விசிறிகளை அழகுக்காக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவற்றுக்குள் நீள்வட்டங்களும் அதிபரவளையங்களும் இணை இணையாக அமைந்திருக்கின்றன. அடுக்குகள் வளையலாம், ஆனால் அவற்றின் தடிமன் எங்கும் மாறக் கூடாது என்ற நிபந்தனையை வடிவியலில் எழுதினால் இந்த வளைவரைகளே விடையாக வருகின்றன. பிரெஞ்சுப் படிகவியலாளர் ஜார்ஜ் ஃப்ரீடல் 1922-இல் இதிலிருந்தே பின்னோக்கி நடந்து, உள்ளே சம தடிமனுள்ள அடுக்குகள் இருந்தாக வேண்டும் என்று நிறுவினார். ஒரு நுண்ணோக்கியையும் பள்ளி வடிவியலுக்குச் சற்று மேலான கணிதத்தையும் வைத்துக்கொண்டு நானோமீட்டர் அளவிலான அமைப்பை ஊகித்தது, என் கணிப்பில், இத்துறையின் மிக நேர்த்தியான வாதம்.

கேள்வி: 5சிபி என்ற பொருளில் அடுக்கு நிலையே இல்லை, 8சிபியில் இருக்கிறது. மூன்று கார்பன் அணுக்கள் கூடியதால் மட்டுமா இந்த வேறுபாடு? (வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஆம், அதனால்தான். இம்மூலக்கூறின் நடுவில் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பென்சீன் வளையங்கள் விறைப்பாக நிற்கின்றன. ஒரு முனையில் கார்பனும் நைட்ரஜனும் இணைந்த சயனோ தொகுதி, மறுமுனையில் நெளியக்கூடிய கார்பன் வால். பெயரின் முன்னால் உள்ள எண் அந்த வாலின் கார்பன் எண்ணிக்கை. விறைத்த வளையங்கள் வளையங்களோடும், வால்கள் வால்களோடும் சேர்ந்திருக்கவே விரும்புகின்றன. வால் குட்டையாக இருக்கும்வரை இந்தப் பிரிவினைக்கு வலுப் போதாது. 5சிபி, 6சிபி, 7சிபி மூன்றிலும் நெமாட்டிக் மட்டுமே உண்டு. எட்டுக் கார்பன்களில் அடுக்குகள் தலைகாட்டுகின்றன. 9சிபியில் நெமாட்டிக் ஏறத்தாழ 2 டிகிரி இடைவெளிக்குள் ஒடுங்கிவிடுகிறது. 10சிபியில் அதுவும் இல்லை. அடுக்கு நிலை நேரடியாகத் தெளிந்த திரவமாகிறது.

இங்கே ஒரு வியப்பும் இருக்கிறது. 8சிபி மூலக்கூறின் நீளம் சுமார் 2.2 நானோமீட்டர், ஊடுகதிர் காட்டும் அடுக்கு இடைவெளியோ சுமார் 3.2 நானோமீட்டர், அதாவது ஒன்றரை மூலக்கூறுக்குச் சற்றுக் குறைவு. சயனோ தொகுதியின் வலுவான இருமுனைத்தன்மையால் அண்டை மூலக்கூறுகள் தலைமாற்றிப் படுத்து, வளையப் பகுதிகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இணைகின்றன. வால்கள் இரு பக்கமும் வெளியே நீண்டுவிடுகின்றன. ஒரே பாயில் இருவர் தலைமாறிப் படுத்து, அவரவர் கால் மற்றவர் தலையையும் தாண்டி நீண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

மாணவர்களிடம் ஓர் எச்சரிக்கையும் சொல்லுங்கள். பாடநூல்களில் அணிவகுப்புப் போல வரையப்படும் அடுக்குப் படம் ஏமாற்றக்கூடியது. உண்மையில் அடுக்கு என்பது மூலக்கூறு மையங்களின் அடர்த்தி மெல்லக் கூடிக் குறையும் ஓர் அலை. மூலக்கூறுகள் அடுக்குக்குள் திரவம்போல் தடையின்றி ஓடுகின்றன, அவ்வப்போது அடுத்த அடுக்குக்கும் தாவுகின்றன.

கேள்வி: ஸ்மெக்டிக் ஏ நிலையிலிருந்து நெமாட்டிக்குக்கு மாறுவது முதல்வகை நிலைமாற்றமா, இரண்டாம் வகையா? நூலுக்கு நூல் மாறுபடுகிறதே. (முதுநிலை மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நூல்கள் மாறுபடுவதில் நியாயம் இருக்கிறது. 1971-இல் இயற்பியலாளர் மக்மில்லன் வகுத்த கோட்பாட்டின்படி, அடுக்கு கலையும் வெப்பநிலையை நெமாட்டிக் கலையும் வெப்பநிலையால் கெல்வின் அளவில் வகுத்தால் வரும் விகிதம் 0.87-க்குக் குறைவாக இருந்தால் மாற்றம் தொடர்ச்சியானது, அதாவது இரண்டாம் வகை. மிகுந்தால் உள்ளுறை வெப்பத்தோடு திடீரென நிகழ்வது, அதாவது முதல்வகை. நெமாட்டிக் அகன்ற வெப்பநிலை இடைவெளியில் நீடித்தால் திசை ஒழுங்கு ஏற்கெனவே ஏறக்குறைய நிறைவுற்றிருக்கும். அடுக்குகள் உருவாவது அதைப் பெரிதாகப் பாதிக்காது. நெமாட்டிக் குறுகியிருந்தாலோ அடுக்கும் திசையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு மாற்றத்தைத் திடீரென்றாக்குகின்றன.

8சிபிக்கு இந்த விகிதம் சுமார் 0.98. கோட்பாட்டின்படி அது முதல்வகையாக இருக்க வேண்டும். ஆனால் நுட்பமான வெப்ப அளவீடுகளிலும் உள்ளுறை வெப்பம் பிடிபடவில்லை. ஆகவே 0.87 என்பதைக் கல்லில் பொறித்த எல்லையாகக் கொள்ள வேண்டாம். 1972-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென், அடுக்கின் அடர்த்தி அலைக்கு வீச்சும் கட்டமும் இருப்பதைக் கொண்டு, இந்த மாற்றம் உலோகம் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவதை ஒத்தது என்று காட்டினார். மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளித்தள்ளுவதைப் போல, அடுக்கு நிலை முறுக்கத்தையும் ஒருவகை வளைவையும் உள்ளே அனுமதிப்பதில்லை. 1974-இல் ஹால்பெரின், லூபென்ஸ்கி, மா ஆகிய மூவரும் அதே ஒப்புமையைத் தொடர்ந்து, திசையின் அலைபாய்தல் காரணமாக இம்மாற்றம் எப்போதுமே மிகமிக மெலிந்த முதல்வகைதான் என்று கணித்தனர். தேர்வில் எழுதும்போது எந்தப் பொருள், எந்தக் கோட்பாடு என்பதைக் குறிப்பிட்டு விடையளியுங்கள்.

கேள்வி: கைபேசித் திரையில் இருப்பது இந்த அடுக்கு வகையா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. திரவப் படிகத் திரைகளில் இருப்பது நெமாட்டிக். அடுக்கு வகையைத் திரையாக்க முயற்சி நடந்தது. ஸ்மெக்டிக் சி நிலையில் மூலக்கூறுகள் அடுக்குக்குள் சாய்ந்திருக்கும். 20 டிகிரி சாய்ந்தால் அடுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு மெலிய வேண்டும். மூலக்கூறு இடக்கை வலக்கைபோல் வேறுபடும் தன்மை உடையதானால், சாய்ந்த அடுக்கு தானாகவே மின்முனைவு பெறும் என்று மேயர் குழுவினர் 1975-இல் காட்டினர். 1980-இல் கிளார்க்கும் லாகர்வாலும் அதைக் கொண்டு மைக்ரோநொடிகளில் மாறும் சாதனத்தை அமைத்தனர். ஆனால் அதிர்ச்சியில் ஒருமுறை குலைந்த அடுக்குகள் நெமாட்டிக்கைப் போலத் தாமாகச் சீராவதில்லை. கையிலிருந்து நழுவி விழும் பொருளுக்கு அது பெருங்குறை.

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் இதைக் காட்ட முடியுமா? (அறிவியல் ஆசிரியை, விழுப்புரம்)

பதில்: செலவில்லாத ஓர் அடுக்கு நிலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் தேங்கிய சோப்புப் பெட்டியில், கட்டியின் அடியில் கொழகொழவென்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் சோப்பும் நீரும் மாறிமாறி அடுக்கிய திரவப் படிகமே. சோப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஃப்ரீடல் ஸ்மெக்டிக் என்ற பெயரை எடுத்தார். 8சிபி கிடைத்தால் அடுப்பே தேவையில்லை. வெந்நீர்க் கிண்ணம் ஒன்றும், பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த தளவிளைவாக்கித் தாள்கள் இரண்டும் போதும். மே மாதமானால் வெந்நீரும் வேண்டாம்: மேசைமேல் வைத்த குப்பியில் விடியற்காலையில் அடுக்குகள் இருக்கும், நண்பகலில் இருக்காது.