டயர் ட்யூபில் வரைபடம் வரையும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

உங்கள் மகள் பள்ளி இறுதியாண்டில் இருந்துகொண்டு பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் கற்பனை நாடுகளை வரைந்து வண்ணம் தீட்டுவதையும், மூன்று வீடுகளுக்கு மூன்று இணைப்புகள் கொடுக்கும் புதிரை நாள்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதையும், போதாக்குறைக்கு ஒரு பழைய சைக்கிள் ட்யூபின் மேல் மார்க்கர் பேனாவால் எல்லைக் கோடுகள் போடுவதையும் கவலையோடு எழுதியிருந்தீர்கள். இது வெறும் பொழுதுபோக்கா, இதை நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அவள் கைவைத்திருப்பது கணிதத்தின் ஒரு முழுத் துறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடத்தியல் என்பது அதன் பெயர். கல்லூரிகளில் டோபாலஜி என்றே பெரும்பாலும் வழங்குகிறார்கள். ஒரு பரப்பைக் கிழிக்காமலும் புதிதாக ஒட்டாமலும் எப்படி வளைத்தாலும் இழுத்தாலும் மாறாமல் நிற்கும் பண்புகள் எவை என்று ஆராய்வதே அதன் வேலை.

அவள் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் அவளோடு பேச முடியும் என்பதால் அந்தப் புதிரைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன். மூன்று வீடுகள், குடிநீர், மின்சாரம், எரிவாயு என்று மூன்று நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு போக வேண்டும். எந்தக் கோடும் இன்னொரு கோட்டை வெட்டக் கூடாது. கவனமாகப் போட்டால் தாளில் எட்டுக் கோடுகள் வந்துவிடும், ஒன்பதாவது மட்டும் எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். இன்னும் சாமர்த்தியமாக வளைத்தால் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வரவே வராது. முனைகளின் எண்ணிக்கையிலிருந்து கோடுகளைக் கழித்து, கோடுகள் பிரிக்கும் பகுதிகளை வெளிப்புறத்தையும் சேர்த்து எண்ணிக் கூட்டினால், கோடுகள் வெட்டாமல் எல்லா முனைகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும்வரை தாளில் விடை எப்போதும் 2 என்பது கணித மேதை ஆய்லர் கண்ட உண்மை. இங்கே முனைகள் 6, கோடுகள் 9. ஆகவே பகுதிகள் 5 இருந்தாக வேண்டும். வீடும் நிலையமும் மாறி மாறித்தான் வரும் என்பதால் ஒரு பகுதியைச் சுற்றிக் குறைந்தது 4 கோடுகள் தேவை. 5 பகுதிகளுக்கு 20. ஆனால் ஒரு கோட்டுக்கு இரண்டே பக்கங்கள் என்பதால் 9 கோடுகளுக்கு 18 பக்கங்களுக்கு மேல் கிடையாது. இருப்பது 18, தேவை 20. அதனால் தாளில் இது நடக்காது.

ட்யூபின் பரப்பில் அதே கூட்டல் கழித்தலின் விடை 2இல் நிற்க வேண்டியதில்லை, 0 வரை இறங்கலாம். அங்கே பகுதிகள் 3 போதும். தேவை 12 தான், கையில் 18 இருக்கிறது. தடை விலகுவதோடு, ஒன்பதாவது கோடு ட்யூபின் நடுத்துளை வழியாகச் சுற்றிக்கொண்டு எதையும் வெட்டாமல் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மகள் ட்யூபைத் தேடிப் போனது இதற்காகத்தான்.

ஆலோசனைக்கு வரும் மாணவர்கள் பலரிடம் இந்தப் புதிரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சிலர் அரைமணி நேரம் முயன்றுவிட்டு விடையைக் கேட்பார்கள்; வேறு சிலர் தாளில் துளை போட்டுக் கோட்டை மறுபக்கம் கொண்டுபோவார்கள்; இருவருமே கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் வெகு சிலர் மட்டும், "முடியாது என்பது எனக்கு முடியவில்லை என்பதா, யாராலும் முடியாது என்பதா?" என்று கேட்பார்கள். கணிதப் படிப்புக்கு நான் தேடும் அடையாளம் அந்தக் கேள்வி. புதிரை அவிழ்க்கும் வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவிழாத புதிரின் அருகில் உட்கார்ந்து, அது ஏன் அவிழாது என்று முழு வாக்கியங்களில் எழுதப் பொறுமை இருக்கிறதா என்பதையே பார்க்கிறேன். உங்கள் மகளிடம் இருப்பது படம் போடும் ஆசையா, காரணம் தேடும் ஆசையா என்பதை நீங்களும் இந்த ஒரு அளவுகோலைக் கொண்டே கவனியுங்கள். இரண்டுக்கும் நல்ல வழிகள் உண்டு என்றாலும் அவை வெவ்வேறு வழிகள்.

வண்ணம் தீட்டும் விஷயத்துக்கும் வருகிறேன். அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறத்தில் இல்லாதபடி எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறங்கள் போதுமா என்ற கேள்வியை 1852ஆம் ஆண்டு எழுப்பியவர் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர். இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டும்போது அவருக்கு அது தோன்றியது. அவர் பின்னர் சட்டம் பயின்றார், தென்னாப்பிரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருந்தார், தாவரவியலிலும் பெயர் எடுத்தார். 1879இல் கெம்பே என்ற வழக்கறிஞர் விடை கண்டதாக அறிவித்தார். அந்த நிரூபணம் பதினோரு ஆண்டுகள் சரியென்றே நம்பப்பட்டு, 1890இல் ஹீவுட் என்ற கணிதவியலாளர் அதில் ஓட்டையைக் காட்டிய பிறகு சரிந்தது. அதே கட்டுரையில் ஹீவுட், ஐந்து நிறங்கள் நிச்சயம் போதும் என்றும், ட்யூப் வடிவப் பரப்பில் ஏழு நிறங்கள் தேவைப்படும், ஏழுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்றும் நிறுவினார். தாளுக்கு நான்கு நிறங்களே போதும் என்ற விடை 1976இல், ஆப்பெல், ஹாக்கன் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் கணினியை ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாக இயக்கிய பிறகே கிடைத்தது. அதிலும் கெம்பேயின் தவறான நிரூபணத்தில் இருந்த உத்தியே வளர்ந்து பயன்பட்டது. ஆச்சரியம் என்னவென்றால், துளைகள் பல கொண்ட சிக்கலான பரப்புகளுக்கான விடை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1968இல், ரிங்கெல், யங்ஸ் ஆகியோரால் முடிக்கப்பட்டிருந்தது. எளிதாகத் தோன்றும் தாள்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது.

இப்போது நீங்கள் அஞ்சும் வேலைவாய்ப்புக்கு வருவோம். இடத்தியலாளர் என்ற பதவிப் பெயரோடு வேலை கிடைப்பது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும்தான். அதற்கு இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்று நீண்ட ஆண்டுகள் வேண்டும், இடங்களும் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சிந்தனை முறை பயன்படும் வேலைகள் பல. மின்சுற்றுப் பலகையை வடிவமைப்பவருக்கு வீடு-நிலையம் புதிர் அன்றாடப் பணி: ஒரே அடுக்கில் தடங்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, வேறு வழியில்லாதபோது பலகையில் துளையிட்டு அடுத்த அடுக்குக்குப் போகிறார்கள். புவித் தகவல் துறையில், பக்கத்துப் பக்கத்து நிலப்பகுதிகளின் எல்லைகளுக்கு இடையே இடைவெளியோ மேற்படிதலோ இல்லாமல் சரிபார்க்கும் பணிக்கே டோபாலஜி சோதனை என்று பெயர். கணினி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது, குறைந்த எண்ணிக்கையிலான ரெஜிஸ்டர்களை, அதாவது செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களை, எந்தெந்த மதிப்புகளுக்குக் கொடுப்பது என்ற சிக்கலை வரைபட வண்ணமாகவே கருதித் தீர்க்கும் முறை 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நான்கு நிற நிரூபணமே 2005இல் கணினியால் வரிக்கு வரி சரிபார்க்கப்பட்டது. அத்தகைய சரிபார்ப்பு மென்பொருள்கள் இன்று தனித் துறையாக வளர்ந்திருக்கின்றன. முப்பரிமாண உருவங்கள், பொருளறிவியல் ஆகியவற்றிலும் இதன் பயன் உண்டு. 2016ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இடத்தியல் சார்ந்த ஆய்வுக்கே வழங்கப்பட்டது.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை மிக அவசியம். கல்லூரியில் இடத்தியல் முதலாண்டிலேயே வந்துவிடாது. நுண்கணிதம், இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு ஆகியவற்றைக் கடந்த பிறகுதான் அந்தப் பாடத்தாள் வரும். வந்த பிறகும் முதல் மாதங்களில் ட்யூபையோ, ஒரு முறுக்குக் கொடுத்து முனைகளை ஒட்டிய மோபியஸ் பட்டையையோ பார்க்க முடியாது. திறந்த கணம், மூடிய கணம், தொடர்ச்சி என்று வரையறைகளும் நிரூபணங்களும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். படங்களை நம்பி வந்து, அங்கே மனம் உடைந்த மாணவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. என்ன காத்திருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் குறை. எனவே காரணம் எழுதுவதில் அவளுக்கு இன்பம் இருந்தால் கணித இளநிலைப் பட்டத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்கலாம். உடன் நிரலாக்கத்தை முதலாண்டிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள். வரைவதிலும் செய்து பார்ப்பதிலும்தான் இன்பம் என்றால் கணினி அறிவியலோ புவித் தகவலியலோ அவளுக்குப் பொருந்தும். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் பாடம் அங்கேயும் வரும்.

தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில் அந்தக் குறிப்பேட்டைப் பிடுங்கி வைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலையை அதற்கென்று ஒதுக்கிக் கொடுத்தால் மற்ற நாள்கள் பாடத்துக்குக் கிடைக்கும். அடுத்த சந்திப்புக்கு முன் அவளிடம் நான் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். ஐந்து புள்ளிகள், ஒவ்வொன்றையும் மற்ற நான்கோடும் இணைக்க வேண்டும், கோடுகள் வெட்டக் கூடாது. தாளில் இது ஏன் முடியாது என்பதை, படம் இல்லாமல், எழுத்திலேயே அரைப் பக்கம் எழுதட்டும். பிறகு ட்யூபில் வரைந்து பார்க்கட்டும். அந்த அரைப் பக்கத்தை அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டு வாருங்கள். நகல் எடுத்து எழுதிய சுத்தமான தாள் எனக்கு வேண்டாம். ட்யூபையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.