ஒரே வட்டாவில் வெற்றிலை போட்டவர்கள்: நச்சகற்றும் நொதியங்கள் பற்றிய கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து: எங்கள் அம்மம்மா தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டார். அதே வட்டாவில் போட்ட சின்னம்மாவுக்கு ஐம்பதிலேயே வாய்ப் புற்றுநோய் வந்தது. இதற்குப் பரம்பரைதான் காரணமா?

ஓரளவுக்கு இருக்கலாம். நம் ஈரல் நச்சை இரண்டு படிகளில் கையாள்கிறது. முதற்படியில் சைட்டோகுரோம் நொதியங்கள் அதை மாற்றியமைக்கின்றன. அப்போது பிறக்கும் இடைப்பொருள் சிலவேளை மூலப்பொருளைவிடக் கொடியதாக இருக்கும். இரண்டாம் படியில், உடலே ஆக்கும் குளூட்டாதயோன் போன்ற காப்புப் பொருட்கள் அதனுடன் இணைக்கப்பட, அது நீரில் கரைந்து சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேறுகிறது. முதற்படி விரைவாகவும் இரண்டாவது மந்தமாகவும் நடப்பவரின் உடலில் அந்த இடைப்பொருள் தங்கி, உயிரணுவின் மரபுப்பொருளைத் தாக்க இடமுண்டு. குளூட்டாதயோனை இணைக்கும் நொதியங்களில் ஒன்றை ஆக்கும் ஜிஎஸ்டிஎம்1 என்னும் பரம்பரை அலகு ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறவே இல்லை. ஆனாலும் அவர்களிற் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆசிய ஆய்வுகள் சிலவற்றில், அது இல்லாதவர்களிடம் வாய்ப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. பாக்கினாலும் புகையிலையினாலும் வரும் ஆபத்தின் முன்னே அந்தக் கூடுதல் சிறியதே. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது 2004 இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்ட முடிவு. ஆகவே அம்மம்மாவின் ஆயுளை வெற்றிலைக்குச் சாட்சியாக்க வேண்டாம்.

சம்மாந்துறையிலிருந்து: வட்டையில் மருந்தடிக்கும் நாளில் எனக்குத் தலை சுற்றுகிறது, கூட அடிக்கும் மச்சானுக்கு ஒன்றுமில்லை. இரத்தப் பரிசோதனையில் காரணம் தெரியுமா?

சேதன பொசுபரசுப் பூச்சிகொல்லிகள் சிலவற்றின் நச்சு வடிவத்தை உடைக்கும் பரஒக்சனேஸ் என்னும் நொதியம் இரத்தத்தில் உண்டு. அந்த நொதியம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி; அதன் 192 ஆம் இடத்திலுள்ள அமிலம் ஆளுக்காள் மாறுகிறது. நொதியத்தின் அளவும் பலமடங்கு வேறுபடுகிறது. ஆனால் பரதயோன் என்னும் பூச்சிகொல்லியிலிருந்து வரும் பரஒக்சன் நச்சை விரைவாக உடைக்கும் வகை, டயசினோன் என்னும் இன்னொரு பூச்சிகொல்லியிலிருந்து வரும் நச்சை அவ்வளவு விரைவாக உடைப்பதில்லை. எனவே எல்லா மருந்துக்கும் தாங்கும் ‘நல்ல உடம்பு’ என்று ஒன்றைச் சுட்ட முடியாது. உங்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: தாங்கி கசிகிறதா, காற்றுக்கு எதிராக நடக்கிறீர்களா, முதுகில் நனைந்த சட்டையோடு மாலைவரை நிற்கிறீர்களா? தலைசுற்றலோடு அதிக வியர்வையும் எச்சில் ஊறலும் கண் மங்கலும் சேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டுபோங்கள்.

காத்தான்குடியிலிருந்து: காசநோய்க் குளிசையோடு விட்டமின் பி6 எதற்கு?

காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோநையசிட்டை மாற்றியகற்றும் என்ஏடி2 நொதியம் சிலரில் மந்தமானது. அவர்களின் இரத்தத்தில் மருந்து கூடுதல் நேரம் தங்குவதால் கைகால் விறைப்பும் ஈரல் பாதிப்பும் எளிதில் வரலாம். பி6 விறைப்பைத் தடுக்கும், ஈரலைக் காக்காது. கண் மஞ்சளித்தால் அன்றே கிளினிக்கில் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: மகளின் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்கிறார்கள். ஆண்குழந்தை. எதைக் கவனிப்பது?

இந்த நொதியத்தின் அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்பிள்ளைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். குளூட்டாதயோனைப் புதுப்பிக்கும் வலு குன்றிய செங்குருதிக் கலங்கள், மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் போன்ற மருந்துகளால் உடையக்கூடும். எந்த வைத்தியரிடம் போனாலும் குறைபாட்டை முதலில் சொல்லுங்கள். இன்னொன்று, பூச்சி உருண்டையிலுள்ள நப்தலீனும் அதே வேலையைச் செய்யும். பெட்டியில் அந்த உருண்டை போட்டு வைத்த பழைய சேலையைத் தொட்டிலுக்குக் கட்ட வேண்டாம்.