வரிகளை வெட்டினால் மட்டும் சுருக்கமாகிவிடாது

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, சொந்த நடையில் எழுதுங்கள்' என்றால், பாதிப் பேர் ஒன்றுவிட்டு ஒன்றாக வாக்கியங்களை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். மற்றவர்கள் சொற்களை மட்டும் மாற்றிவிட்டு, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு எழுதித் தருகிறார்கள். எத்தனை முறை விளக்கியும் பயனில்லை. எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: உங்கள் மாணவர்கள் அந்த வயதில் எல்லாரும் செய்வதைத்தான் செய்கிறார்கள். ஆன் பிரவுன், ஜீன் டே என்ற ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை பல வயதினரைச் சுருக்கி எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். சிறியவர்களின் வழி இதுதான்: வரிசையாகப் படித்துக்கொண்டே போவது, வேண்டாததை விடுவது, மிச்சத்தைப் பார்த்து எழுதுவது. வேண்டாததை நீக்க அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பத்தியில் எங்குமே நேராகச் சொல்லப்படாத மையக் கருத்தைத் தானே ஒரு வாக்கியமாக்குவதுதான் கடினம். அது பெரியவர்களுக்கே சுலபமாக வரவில்லை.

ஆகவே 'சொந்த நடையில் எழுது' என்று எத்தனை முறை சொன்னாலும் பெரிதாக எதுவும் மாறாது. பத்தி கண் முன்னால் திறந்திருக்கும்வரை அதன் வாக்கியங்கள்தான் கையைப் பிடித்து இழுக்கும். முதலில் பத்தியை மூடச் சொல்லுங்கள். அப்புறம் பேசச் சொல்லுங்கள். எழுதுவது அதற்கும் பிறகு.

ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம்.

"உணவு தேடிச் செல்லும் தேனீ ஒன்று நிறைய மலர்கள் உள்ள இடத்தைக் கண்டதும் கூட்டுக்குத் திரும்பி வருகிறது. இருள் நிறைந்த கூட்டுக்குள் அடையின் மேல் அது உடலை ஆட்டியபடி நடனமாடுகிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்து ஆடுகிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு விலகிப் பறக்க வேண்டும் என்று பொருள். ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ, இடம் அவ்வளவு தொலைவு. இந்த நடனத்தை உடனிருந்து உணரும் மற்ற தேனீக்கள் நேராக அந்த இடத்துக்குப் பறந்துவிடுகின்றன."

மொத்தம் 51 சொற்கள். வெட்டி ஒட்டும் மாணவர் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் எடுத்துக்கொள்வார். நடனம் எதைச் சொல்கிறது என்பதே அதில் காணாமல் போகும். சொல் மாற்றும் மாணவர், 'இரை நாடிப் போகும் வண்டு ஒன்று ஏராளமான பூக்கள் இருக்கும் இடத்தைப் பார்த்ததும்' என்று தொடங்குவார். சூரியன் கதிரவனாகும், நடனம் கூத்தாகும். பத்தி ஒரு சொல்கூடக் குறையாது. தேனீயை வண்டாக்கியதில் அறிவியலும் பிழையாகிவிட்டது.

இப்போது பத்தியை மூடிவிட்டு, இதைப் படிக்காத பக்கத்து மாணவரிடம் ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். 'பூ எந்தப் பக்கம் இருக்கு, எவ்வளவு தூரம்னு தேனீ ஆடியே சொல்லிடுது' என்பது போல ஏதாவது வரும். சுருக்கம் அதிலேயே கிடைத்துவிட்டது. எழுத்து நடைக்கு மாற்றினால் போதும்: 'மலர்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் நடனத்தின் சாய்வாலும் நேரத்தாலும் கூட்டிலுள்ள மற்றவற்றுக்குத் தெரிவிக்கிறது.' 12 சொற்கள்தான்.

இதில் 'திசை' என்ற சொல்லைக் கவனியுங்கள். மூலப் பத்தியில் அது இல்லவே இல்லை. கோடு, சாய்வு, சூரியனிலிருந்து விலகல் என்று விரிந்து கிடந்ததைப் புரிந்துகொண்டவருக்குத்தான் அந்தச் சொல் தோன்றும். இப்படிப் பலவற்றை அடக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் சுருக்கி வரைதலின் உயிர். இதைத் தனியாகப் பயிற்சி செய்யலாம். ஐந்தாறு செய்திகளைப் பலகையில் எழுதிப்போட்டு, 'இவை எல்லாம் சேர்ந்து என்ன?' என்று கேளுங்கள். 'தண்ணீர் குறைந்தது, பயிர் வாடியது, மாடுகள் மெலிந்தன' என்றால் 'வறட்சி' என்று வர வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் இரண்டு பக்க விளக்கத்தைவிட அதிகம் பயன்படும்.

'சொந்தச் சொல்' என்றால் எல்லாச் சொற்களையும் மாற்ற வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை என்பதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தேனீ தேனீயாகவே இருக்கட்டும். பெயர்கள், கலைச்சொற்கள், எண்கள், வேறு சொல்லால் தெளிவு கெடும் சொற்கள் ஆகியவற்றை மாற்றவே கூடாது. மாற வேண்டியது வாக்கியத்தின் கட்டு.

அடுத்தது அளவு. மூன்றில் ஒரு பங்கு என்பது தேர்வுக்கு வசதியான கணக்கு. ஆனால் கற்கத் தொடங்குபவருக்கு அது தாராளம்தான். வெட்டி ஒட்டியே அந்த அளவுக்கு வந்துவிடலாம். பயிற்சியின்போது இன்னும் நெருக்குங்கள்: எந்தப் பத்தியானாலும் 15 சொல்லுக்குள் ஒரே வாக்கியம். அது வந்த பிறகு, இரண்டு பத்திகளுக்கும் சேர்த்து அதே 15 சொல். இடமே இல்லாதபோது எது முக்கியம் என்று முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். (தமிழில் ஒரு தில்லுமுல்லு உண்டு. இரண்டு சொற்களை ஒட்டி எழுதி ஒன்றாகக் கணக்குக் காட்டிவிடுவார்கள். பிடிவாதம் பிடிக்காமல் சிரித்துவிட்டு, 'ஒரே வாக்கியம், ஒரே மூச்சு' என்று அளவை மாற்றிவிடுங்கள்.)

பத்தி தேர்வும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கவிதையோ ஏற்கெனவே இறுக்கமாக எழுதிய உரைநடையோ தொடக்கத்துக்கு உதவாது. எடுத்துக்காட்டுகளும் கூறியது கூறலும் நிறைந்த, கொஞ்சம் வளவளப்பான பத்திகளைத் தேடிக் கொடுங்கள். கதை என்றால் யார், என்ன விரும்பினார், எது தடுத்தது, எப்படி முடிந்தது என்ற நான்கும் போதும். கருத்துக் கட்டுரையில் ஆசிரியரின் முடிவும் அதற்கு அவர் காட்டும் முதன்மையான காரணமும் வர வேண்டும். மாணவர் தன் கருத்தை அதில் கலக்கக் கூடாது. 'என்கிறார்' என்று முடிக்கப் பழக்கினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007-இல் வளரிளம் பருவத்தினருக்கான 11 எழுத்துப் பயிற்சி முறைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சுருக்கி எழுதுவதை முறையாகக் கற்பிப்பது மிக நல்ல பலன் தந்தவற்றில் ஒன்றாக இருந்தது. மாறாக, சொல்லிக்கொடுக்காமல் 'சுருக்கமாக எழுதிப் படி' என்று மட்டும் விட்டுவிட்டால் அவ்வளவு பயன் இல்லை. கற்றல் உத்திகளை மதிப்பிட்ட 2013-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்று சுருக்கத்துக்குக் குறைந்த இடமே தந்ததற்கு, நன்றாகச் சுருக்கத் தனிப் பயிற்சி தேவைப்படுவதும் ஒரு காரணம்.

திருத்தும்போது மூலப் பத்தியை ஓரமாக வைத்துவிட்டு மாணவர் எழுதியதை மட்டும் முதலில் படியுங்கள். அதுவே தனியாகப் பொருள் தருகிறதா? பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, தொடர்ந்து நான்கைந்து சொற்கள் அப்படியே வந்த இடங்களில் அடிக்கோடிடுங்கள். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். கோடு போட்ட பகுதியை மட்டும் வாயால் சொல்லச் சொல்லி, சொன்னதையே எழுதச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களுக்கு மதிப்பெண்ணே போடாவிட்டாலும் நல்லது. மதிப்பெண் என்றதும் பிழை வரக்கூடாதே என்ற பயத்தில் பிள்ளைகள் மறுபடி மூல வாக்கியத்துக்கே ஓடிவிடுவார்கள்.